ஜெர்மனியின் 700 மணி வகுப்பு: ஆங்கிலம் தெரிந்த தமிழருக்கு இது எதற்கு?

ஜெர்மனிக்குக் குடிவரும் தமிழர் வீட்டில் பெரும்பாலும் ஒருவர் வேலையோடு வருகிறார், மற்றவர் அவரோடு வருகிறார். அப்படி உடன் வந்தவருக்குக் குடியிருப்பு அட்டையோடு சேர்த்து வெளிநாட்டவர் அலுவலகம் ஒரு தாளையும் தரும். ‘பெரெஹ்டிகுங்ஸ்ஷைன்’ என்று தலைப்பிட்டிருக்கும். குடிவந்தவர்களுக்கு மொழியும் நாட்டறிவும் சொல்லித் தரும் அரசு வகுப்பான இன்டெக்ரேஷன் கோர்ஸில் சேரும் உரிமைத்தாள் அது. நாற்பது ஆண்டுகளாக அங்கே இருக்கும் ஈழத்தவர் பேச்சில் அது வெறும் டொச் வகுப்பு, டொச் என்றால் ஜெர்மன் மொழி. பலர் தாளை உறையோடு மடித்து வைத்து மறந்துவிடுகிறார்கள். “இங்கிலீஷ்லயே எல்லாம் ஓடுதே, அப்புறம் பாத்துக்கலாம்” என்பது வழக்கமான பதில்.

பெர்லினில் காபி வாங்கவும் மியூனிக்கில் அலுவலகக் கூட்டம் நடத்தவும் ஆங்கிலம் போதும் என்பது உண்மைதான். பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம், ஆண்டுக்கொரு முறை வீட்டுக்காரர் அனுப்பும் வெப்பச் செலவுக் கணக்கு, மருத்துவர் அலுவலகத் தொலைபேசியில் பேசும் உதவியாளர் என்று வரும்போது அதே ஆங்கிலம் கையைவிட்டுவிடும். உரிமைத்தாளும் காத்திருக்காது: உரிமை தரும் குடியிருப்பு அனுமதி கிடைத்து ஓராண்டுக்குள் பதிவு செய்யாவிட்டால் உரிமை போய்விடும். ஆகவே இந்த மதிப்புரை குறிப்பாக ஆங்கிலம் தெரிந்த தமிழருக்காக.

2005 ஜனவரி 1-இல் புதிய குடியேற்றச் சட்டத்தோடு இந்த வகுப்பு தொடங்கியது. நடத்துவது நூரன்பெர்க்கில் இருக்கும் குடியேற்ற, அகதிகள் கூட்டாட்சி அலுவலகம். எல்லோரும் அதை பாம்ஃப் என்றே சொல்வார்கள். பாடம் சொல்லித் தருவது பாம்ஃப் அல்ல, அது அனுமதி கொடுத்த பள்ளிகள். ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலெ எனப்படும் நகர மக்கள் கல்விக்கூடங்களும் உண்டு, தனியார் மொழிப் பள்ளிகளும் உண்டு. பொது வகுப்பில் மொழிக்கு 600 மணி, சட்டம், வரலாறு, சமூகம் பற்றிய நாட்டறிவுக்கு 100 மணி. ஒரு ‘மணி’ என்பது 45 நிமிடம். மொழிப் பகுதி நூறு நூறாக ஆறு கூறுகள்: முதல் இரண்டு தொடக்க நிலையான ஏ1, அடுத்த இரண்டு அதற்கு மேலான ஏ2, கடைசி இரண்டு அன்றாடத்தைத் தானே சமாளிக்கும் நிலையான பி1. வாரம் ஐந்து நாள், நாளுக்கு நாலைந்து மணி என்றால் எட்டு ஒன்பது மாதத்தில் முடியும். மாலை வகுப்பு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் என்பதால் ஓராண்டைத் தாண்டிவிடும்.

கட்டணம் மணிக்கு 2.29 யூரோ, முழு வகுப்புக்கு 1603. இது செலவில் பாதிதான், மீதியை அரசு போடுகிறது. பணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை, ஒவ்வொரு நூறு மணிக்கும் முன்பணமாக 229 யூரோ. உரிமைத்தாள் கிடைத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மொழி, நாட்டறிவு என்ற இரண்டு தேர்விலும் தேறிவிட்டால் கட்டியதில் பாதியைத் திரும்பக் கேட்கலாம். அது தானாக வந்து சேராது, பாம்ஃபுக்கு விண்ணப்பம் போட வேண்டும். இதைத் தெரியாமல் எண்ணூறு யூரோவை விட்டவர்கள் உண்டு. அரசு உதவித்தொகையில் இருப்பவர்களுக்குக் கட்டணத்திலிருந்து விலக்கு கிடைக்கும்.

உரிமைத்தாள் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். பட்டம் பெற்றவர், அரசு உதவி இல்லாமலே சமாளித்துக்கொள்வார் என்று அலுவலகம் கருதினால் சட்டப்படியான உரிமை இல்லை. அப்போது பாம்ஃபுக்கே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். இடமும் பணமும் இருந்தால்தான் கொடுப்பார்கள், நிதி சுருங்கும் ஆண்டில் முதலில் சாத்தப்படும் கதவு இதுதான். கதவு சாத்தியிருந்தால் அதே பள்ளியில் முழுக் கட்டணம் கட்டிப் படிக்கலாம், பி1 சான்றிதழின் மதிப்பு அதனால் குறையாது.

சேர்வதற்கு முன் நிலை அறியும் தேர்வு ஒன்று வைப்பார்கள். துணைவருக்கான விசாவுக்காகச் சென்னையில் ஏ1 எழுதி வந்தவர்கள் நேரே மூன்றாம் கூற்றில் உட்கார ஆசைப்படுவார்கள், 458 யூரோ மிச்சம் அல்லவா? விசாவுக்குக் காத்திருந்த மாதங்களில் அந்த ஏ1 பெரும்பாலும் கரைந்து போயிருக்கும். சந்தேகமிருந்தால் இரண்டாம் கூற்றில் சேருவதே நல்லது. மூன்றாம் கூற்றில் திணறுகிறவர் வாயைத் திறக்கவே மாட்டார். வாய் திறக்காமல் ஆறு கூற்றையும் முடித்துவிட்டு, பேச்சுத் தேர்வில் ஏ2-வோடு நிற்பதுதான் இந்த வகுப்பின் மிகச் சாதாரணமான தோல்வி. தோற்றால் இன்னும் 300 மணி இலவசமாகக் கிடைக்கும் என்று பழையவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம், 2024 இறுதியில் அந்த விதியை வெட்டிவிட்டார்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை சில. வகுப்பு தொடங்கும் தேதி உறுதியா, ஆள் சேர்ந்த பிறகுதானா? ஆறு கூற்றுக்கும் ஒரே ஆசிரியரா? பல ஆசிரியர்கள் ஒப்பந்த ஊதியத்தில் வேலை செய்பவர்கள், நடுவில் வேறிடம் போய்விடுவார்கள். மூன்று மாதத்தில் மூன்று ஆசிரியர் மாறினால் இலக்கணம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். எத்தனை பேர் உட்காருவார்கள் என்றும் கேளுங்கள். 25 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் 15 பேர் இருக்கும் வகுப்பில் ஒருவருக்குக் கிடைக்கும் பேசும் நேரமே வேறு. தேர்வு அதே கட்டடத்தில் நடக்குமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால் வகுப்பைத் தேடும் முன் குழந்தைகள் காப்பகத்தில் பெயரைப் பதியுங்கள். ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பக இடம் 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படியான உரிமை. அந்த உரிமையோடு இடமும் வந்துவிடுவதில்லை, நகரங்களில் காத்திருப்புப் பட்டியல் நீளம்.

இனி வகுப்பறைக்குள். தமிழர் அங்கே செய்யும் பெரிய தவறு, டொச்சை ஆங்கிலம் வழியாகப் படிப்பது. கைப்பேசியில் ஆங்கில மொழிபெயர்ப்பு, குறிப்பேட்டின் ஓரத்தில் ஆங்கிலப் பொருள். தமிழ் வழியாகப் போனால் பாதை பாதியாகிவிடும் இடங்கள் பல. ‘என் பிள்ளைக்குக் காய்ச்சல் இருப்பதால்’ என்பதை டொச்சில் ‘வைல் மைன் கிண்ட் ஃபீபர் ஹாட்’ என்பார்கள். ‘வைல்’ மட்டும் முன்னால் வருகிறது. மற்றபடி என், பிள்ளை, காய்ச்சல் என்று போய் வினை கடைசியில் உட்காருகிறது. தமிழ் வாக்கியம் அப்படியே. ஆங்கிலத்தை மனதில் வைத்தவர் ‘ஹாட்’டை நடுவில் போட்டுத் திருத்து வாங்குவார். பி1 தேர்வில் இந்த வினைக்கடை வாக்கியங்களைச் சரியாகப் போடுவதற்கு நல்ல மதிப்பு உண்டு.

நீ, நீங்கள் விஷயமும் இப்படித்தான். டொச்சில் ‘டூ’ நீ, ‘ஸீ’ நீங்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடே இல்லை. தமிழருக்கு விளக்கவே தேவையில்லை, எப்போது மாறுவது என்பது மட்டும் வேறு. நம்மிடம் வயது தீர்மானிக்கும். அங்கே பழக்கம் தீர்மானிக்கும். எழுபது வயதுப் பக்கத்து வீட்டுக்காரர் ‘டூ’ சொல்லலாம் என்று அவராகச் சொல்லும் வரை ‘ஸீ’தான், அவர் சொன்ன பிறகு வயதைப் பார்த்துக்கொண்டு ‘ஸீ’யிலேயே நின்றால் அவர் நீட்டிய கையைத் தட்டியதாக எடுத்துக்கொள்வார். அக்கா, அண்ணா என்று அழைத்துச் சமாளிக்கும் வழியும் கிடையாது. ‘ஃபிராவ்’, ‘ஹெர்’ என்று போட்டுக் குடும்பப் பெயர் சொல்ல வேண்டும்.

குடும்பப் பெயர் என்றால் நமக்குச் சிக்கல்தான். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயரோ கணவர் பெயரோ இருக்கும். முதல் நாள் ஆசிரியர் வருகைப் பட்டியலைப் பார்த்து ஒரு பெண்ணை ‘ஃபிராவ் ராமசாமி’ என்று அழைப்பார், அவர் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பது போல் உட்கார்ந்திருப்பார். ஆசிரியரிடம் அன்றே இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: இது என் அப்பா பெயர், என்னை என் பெயரால் அழையுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தாளில் மட்டும் விளையாட்டுக் கூடாது. கடவுச்சீட்டு, குடியிருப்பு அட்டை, உரிமைத்தாள், தேர்வுப் பதிவு நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று தேர்வுக்கு முன்பே பாருங்கள். சான்றிதழில் முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருந்தால், குடியுரிமை விண்ணப்பத்தின்போது அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைய நேரும்.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. ‘க’ என்ற ஒரே எழுத்தை வைத்து இரண்டு ஒலிகளை ஓட்டிய நாக்குக்குத் தோட்டம் என்ற பொருளுள்ள கார்ட்டெனும், சீட்டுகள் என்ற பொருளுள்ள கார்ட்டெனும் ஒன்றுதான். டொச்காரர் காதில் அவை வேறு வேறு சொற்கள். ஒரு மெல்லிய தாள் துண்டை உதட்டுக்கு முன் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்: சீட்டைச் சொல்லும்போது முதல் எழுத்துக்குத் தாள் ஆட வேண்டும், தோட்டத்துக்கு ஆடக் கூடாது. ப, ட வரிசைக்கும் இதே சோதனை. இரட்டைப் புள்ளி போட்ட ‘ஊ’வுக்கு, ‘ஈ’ என்று இழுத்துக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் போதும். ழ சொல்லும் நாக்குக்கு இது பெரிய வித்தையல்ல. மூன்று பாலும் பொருள்களுக்கு உண்டு என்பதுதான் கடைசி வரை படுத்தும்: மேசை ஆண், விளக்கு பெண், புத்தகம் இரண்டுமில்லை. காரணம் தேட வேண்டாம், பெயரையும் பாலையும் ஒரே சொல்லாக மனப்பாடம் செய்வதுதான் வழி.

எண்களிலும் நேரத்திலும் வரும் தவறு வகுப்போடு நிற்காது, மருத்துவர் நேரத்தைத் தவறவிட வைக்கும். இருபத்து நாலை டொச்சில் ‘நாலும் இருபதும்’ என்பார்கள். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்லும்போது இடப்பக்கம் ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டு வலப்பக்க இலக்கத்தை முதலில் எழுதப் பழகுங்கள். ‘ஹால்ப் ட்ரை’ என்றால் ‘அரை மூன்று’. அது இரண்டரை மணி, மூன்றரை அல்ல. மூன்றரைக்குப் போய் நின்றால் வரவேற்பு மேசையில் ஒரு மணி நேரத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த வகுப்பின் உண்மையான பலம் பாடநூலில் இல்லை, பக்கத்து நாற்காலியில் இருக்கிறது. ஒரு பக்கம் சிரியாவிலிருந்து வந்தவர், மறுபக்கம் உக்ரைனிலிருந்து வந்தவர், பின்னால் துருக்கி. எல்லோருக்கும் பொதுவாக இருப்பது அரைகுறை டொச் மட்டும்தான், அதனால் அதில் பேசியே ஆக வேண்டும். கைப்பேசிச் செயலியோ இணைய வகுப்போ இதைத் தராது. இடைவேளையில் நம்மவர் இருவர் சேர்ந்தால் தமிழ், ஓர் இந்தியர் சேர்ந்தால் ஆங்கிலம். அந்தப் பதினைந்து நிமிடத்தைக் காப்பாற்றிக்கொண்டவர்தான் பேச்சுத் தேர்வில் தப்புகிறார். தமிழர் அதிகம் இருக்கும் வகுப்பை வேண்டுமென்றே தவிர்ப்பது கல்மனசு அல்ல.

மொழித் தேர்வு 2009-லிருந்து ஒரே வடிவம்தான். கேட்டல் 25 நிமிடம், படித்தல் 45, எழுதுதல் 30, பேச்சு இருவர் இருவராகக் கால் மணி நேரம். கேட்டலும் படித்தலும் சேர்ந்து 45 கேள்வி, 33 சரியானால் பி1. எழுத்துக்கு 20-இல் 15. பேச்சுக்கு 100-இல் 75. மொத்தத்தில் பி1 வேண்டுமென்றால் பேச்சில் பி1 கட்டாயம். அதோடு எழுத்திலோ, கேட்டலும் படித்தலும் சேர்ந்த பகுதியிலோ ஒன்றில் பி1 இருந்தால் போதும். ஆக, எழுத்தில் வழுக்கினாலும் பிழைக்கலாம், பேச்சில் வழுக்கினால் வழியே இல்லை. நம் பள்ளிப் பழக்கம் இதற்கு நேர்மாறு, எழுத்துக்கே பாதி நேரத்தைக் கொட்டுவோம்.

எழுத்தில் இரண்டு கடிதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: வெப்பமூட்டி வேலை செய்யவில்லை என்று வீட்டுக்காரருக்கு, அல்லது வகுப்புக்கு வர முடியவில்லை என்று ஆசிரியருக்கு என்பது போல. நான்கு குறிப்புகள் கொடுத்திருப்பார்கள், நான்கையும் தொட வேண்டும். மூன்றை அழகாக எழுதி நான்காவதை விட்டவரைவிட, நான்கையும் எளிமையாக எழுதியவருக்கே மதிப்பெண் அதிகம். விளி, வணக்கம், கையெழுத்து மூன்றையும் முதல் நிமிடத்திலேயே எழுதிவிட்டு நடுவை நிரப்புங்கள்.

பேச்சின் மூன்றாம் பகுதியில் இருவரும் சேர்ந்து ஏதாவது திட்டமிட வேண்டும்: வகுப்பு முடிவு விருந்து, மருத்துவமனையில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போவது. தமிழர் மதிப்பெண் இழக்கும் இடம் இதுதான். எதிராளி சனிக்கிழமை என்றால் ‘நல்லது’, கேக் என்றால் ‘நல்லது’, ஐந்து மணி என்றால் அதற்கும் ‘நல்லது’. மறுப்பது மரியாதைக் குறைவு என்று நமக்கு வளர்ப்பிலேயே ஊறியிருக்கிறது. தேர்வாளரோ பேசத் தெரியவில்லை என்று குறித்துக்கொள்வார். ஒரு முறையாவது மறுத்து, காரணம் சொல்லி, மாற்று யோசனை வைக்க வேண்டும்: சனிக்கிழமை எனக்கு வேலை, ஞாயிறு வைத்துக்கொள்ளலாமா? இதே பழக்கம் பின்னால் அலுவலகத்திலும் பள்ளிக் கூட்டத்திலும் கைகொடுக்கும். அங்கே காரணத்தோடு மறுப்பவரை யாரும் பகையாகப் பார்ப்பதில்லை.

மொழிப் பகுதிக்கு ஐந்தில் நாலு தாராளமாகக் கொடுக்கலாம். நாட்டறிவுப் பகுதிக்கு இரண்டரைக்கு மேல் மனம் வரவில்லை. அதன் தேர்வில் 33 கேள்வி, ஒரு மணி நேரம், 15 சரியானால் தேர்ச்சி. குடியுரிமைக்கு 17 வேண்டும். நாடு முழுவதுக்குமான 300 கேள்விகளும் உங்கள் மாநிலத்துக்கான 10 கேள்விகளும் பதிலோடு முன்கூட்டியே வெளியிடப்பட்டிருக்கின்றன. ஒரு வாரம் உட்கார்ந்தால் மனப்பாடம். அதனால் பல பள்ளிகளில் 100 மணியும் கேள்வித்தாள் பயிற்சியாகிவிடுகிறது. நாஜிக் காலத்தைப் பற்றி, யூதர் ஒழிப்பைப் பற்றி ஒரு நாட்டில் வாழ வந்தவர் தெரிந்துகொள்ள வேண்டியதை நாலு விடையில் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போவது சங்கடமாகவே இருக்கிறது. நல்ல ஆசிரியர் கிடைத்தால் நகரமன்றத்துக்கோ நினைவிடத்துக்கோ கூட்டிப் போவார். அப்படிப் போகிறார்களா என்று சேரும்போதே கேட்பது தப்பில்லை.

ஆனாலும் அந்தக் கேள்விகளில் சில, நின்று படிக்க வேண்டியவை. கறுப்பு நிறத் தோலுள்ள இரண்டு நண்பர்கள் பொது நீச்சல்குளத்துக்குப் போகிறார்கள், நிறத்தைக் காரணம் காட்டி உள்ளே விட மறுக்கிறார்கள். எந்த உரிமை மீறப்பட்டது? விடை சமமாக நடத்தப்படும் உரிமை. இன்னொரு கேள்வி, அரசு அலுவலகத்தில் உங்களை மோசமாக நடத்தினால் என்ன செய்யலாம் என்பது. அலுவலகத் தலைவரிடம் புகார் கொடுக்கலாம் என்பது விடை. தங்களைப் பற்றிய கேள்வி இது என்று புரியாமலேயே கட்டத்தில் குறியிட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பிள்ளையை அடிப்பது பற்றியும் கவனமாகப் படியுங்கள். வன்முறையில்லாத வளர்ப்பு 2000-லிருந்து அங்கே பிள்ளையின் சட்ட உரிமை. “நம்ம ஊர்ல இதெல்லாம் சகஜம்” என்ற பதில் எந்த அலுவலகத்திலும் எடுபடாது.

பாடத்தில் இல்லாத அன்றாடத்தை இடைவேளையில் வாங்கிக்கொள்ளுங்கள்: இரவு பத்துக்கு மேல் மிக்ஸி ஓட்டக் கூடாது, ஞெகிழிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

வருகைப் பட்டியலில் தினமும் கையெழுத்து போட வேண்டும். வர முடியாத நாளில் காரணமும், நோய் என்றால் மருத்துவர் சான்றும் சேர்ந்துவிட வேண்டும். பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போவதென்றால் இரண்டு கூறுகளுக்கு நடுவே பாருங்கள். கூற்றின் நடுவில் போனால் திரும்பி வரும்போது வகுப்பு கடந்தகால வினையைத் தாண்டியிருக்கும்.

பி1 சான்றிதழால் கைக்கு வரும் பலன்: பட்டதாரி வேலைக்கான குடியிருப்பு அனுமதியான நீல அட்டை வைத்திருப்பவர் நிரந்தரக் குடியிருப்புக்கு 27 மாதம் காத்திருக்க வேண்டிய இடத்தில் 21 மாதம். துணைவருக்கும் அந்தப் படியில் இதே இரண்டு தேர்வும் கணக்கில் வரும். 2024 ஜூன் 27 முதல் ஐந்து ஆண்டு வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையை விடச் சொல்லி ஜெர்மனி கேட்பதில்லை. கேட்பது இந்தியாதான். ஜெர்மன் கடவுச்சீட்டு வாங்கிய நாளோடு இந்தியக் குடியுரிமை போய்விடும். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சான்றிதழ் வாங்கிய இரண்டு தமிழருக்கு இந்த இடத்தில் பாதை பிரிகிறது.

1980-களில் அகதிகளாக வந்த ஈழத்தமிழருக்கு அரசு நடத்திய இப்படியொரு வகுப்பு கிடையாது. பலர் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவிக்கொண்டே டொச் பிடித்தார்கள். ஹம் நகரில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்குப் போனால் அந்தத் தலைமுறையைப் பார்க்கலாம். வகுப்பில் சொல்லித் தராத பலவும், எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் முதலில் என்பது உட்பட, அவர்களுக்கு அத்துப்படி. கேட்டால் சொல்வார்கள்.

பி1 முடித்து வெளியே வந்தவருக்கு ஒரு கடைசிச் சிக்கல் காத்திருக்கிறது. கடையில் தடுமாறி ஒரு டொச் வாக்கியத்தைத் தொடங்கியதும் எதிரில் இருப்பவர் உதவுவதாக நினைத்து ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். நாமும் நன்றியோடு ஆங்கிலத்தில் இறங்கிவிடுவோம், எட்டு மாத உழைப்பு அங்கேயே படுத்துக்கொள்ளும். ‘கொன்னன் வீர் பிட்டெ டொய்ச் ஷ்ப்ரெஹென்?’ என்று கேளுங்கள், டொச்சில் பேசலாமா என்று பொருள். முதல் எழுத்தின் உயிரொலிக்கு ‘எ’ சொல்லும்போது உதட்டைக் குவிக்க மறக்க வேண்டாம்.